அலைக்கரையில் ஓர் அரசர்

வெள்ளிக்கிழமைகளில் திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கையில் மெழுகுவர்த்திக் கட்டும் பூமாலையுமாக ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்தால், வண்டி மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கேகோட்டையில் அனந்தசயனத்தில் இருக்கும் பத்மநாப சுவாமியைப் பின்னால் விட்டுவிட்டு, விமான நிலையத்தின் நீண்ட மதிலைச் சுற்றிக்கொண்டு, சங்குமுகம் கடற்கரையைத் தொட்டு வடக்கே போனால் வெட்டுக்காடு. ரயில் நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பெயரில் காடு இருக்கிறதே தவிர, கண்ணில் படுபவை தென்னையும் மணலும் நெருக்கியடித்த வீடுகளும்தான். இந்த மீனவக் கிராமம் இன்று மாநகராட்சியின் ஒரு வார்டு. ஆனால் தெருவில் காயும் வலையும், காற்றில் மிதக்கும் கருவாட்டு வாசனையும் மாநகராட்சிக்கு இன்னும் முழுசாகக் கட்டுப்படவில்லை.

தேவாலயத்தின் அதிகாரப்பூர்வமான பெயர் மாத்ரே தே தேவூஸ். போர்ச்சுகீசிய மொழியில் 'தேவனின் அன்னை'. இங்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தப் பெயரை உச்சரிப்பதே இல்லை. அவர்கள் தேடி வருவது அன்னையை அல்ல, மகனை. அதுவும் தொழுவத்துக் குழந்தையாகவோ சிலுவையில் தொங்கும் மனிதனாகவோ அல்ல. அரச கோலத்தில் நிற்கும் கிறிஸ்துராஜரை. 1940-களில் இங்கே நிறுவப்பட்ட அந்தச் சொரூபம்தான் ஒரு சாதாரணக் கடற்கரைப் பங்கைத் தென் கேரளத்தின் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்றாக மாற்றியது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அலைமோதும் கூட்டத்தைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இங்கே பல காட்சிகள் பழக்கமானவையாகத் தோன்றும். ஒரு வித்தியாசம்: வேளாங்கண்ணி ஆண்டில் ஒருமுறை பெருகுகிறது என்றால், வெட்டுக்காடு வாரா வாரம் பெருகுகிறது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யார் என்ன மதம் என்று கணக்கெடுக்க முயல்வது வீண் வேலை. நெற்றியில் சந்தனக் கீற்றோடு வந்து முழங்காலிடும் அரசு ஊழியர், தேர்வு எழுதப் போகும் மகளின் ஹால் டிக்கெட்டைச் சொரூபத்தின் முன்னால் காட்டும் தாய், வளைகுடாவுக்கு விசா வர வேண்டிக்கொள்ளும் இளைஞர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவர்களின் தமிழும் காதில் விழுகிறது. மலையாளம் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு பேச்சு இந்தக் கரை நெடுக உண்டு. அரசியல் எல்லைக் கோட்டை 1956-ல் போட்டார்கள். மீனவர்களின் நாக்கு அதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கரையின் கிறிஸ்தவத்தில் தமிழுக்குப் பழைய பங்கு உண்டு. தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் 1542-ல் பணி தொடங்கிய பிரான்சிஸ் சவேரியார், 1544-ன் கடைசி மாதங்களில் திருவிதாங்கூர் கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அடுத்த ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். அவர் கையில் இருந்தவை, உள்ளூர்க்காரர்களின் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்ட சில ஜெபங்கள். ஆண்களையும் பெண்களையும் ஊர் ஊராகக் கூட்டி, அந்த ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். முக்குவர் என்ற மீனவச் சமூகம் இப்படித்தான் திருச்சபைக்குள் வந்தது. சாதிப் படிக்கட்டின் அடியில் வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். நகரத்துக் கோயில் வாசல்கள் அவர்களைப் போன்றவர்களுக்குத் திறக்காத காலம் அது. திருவிதாங்கூரில் அந்த வாசல்கள் சட்டப்படி எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் 12-ன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஓர் அரசரைத் தேர்ந்துகொண்டதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. திருவனந்தபுரம் அரசர்களின் நகரம். மார்த்தாண்ட வர்மா 1750-ல் நாட்டையே பத்மநாபரின் காலடியில் சமர்ப்பித்தார். அதன் பிறகு வந்த மன்னர்கள் பத்மநாபதாசர் என்ற பட்டத்தோடு, தெய்வத்தின் பிரதிநிதிகளாக ஆண்டார்கள். நகரத்தின் உண்மையான அரசர் பாம்பணையில் படுத்திருப்பவர் என்பதுதான் ஐதீகம். அந்த ராஜ்ஜியத்தின் மேற்கு ஓரத்தில், அலையடிக்கும் மணலில், மீனவர்கள் இன்னொரு ராஜாவை நிறுத்திவைத்தார்கள். திருவிதாங்கூரில் மன்னராட்சி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது.

கிறிஸ்துராஜர் திருநாள் என்பதே அப்போது புதியது. போப் பதினோராம் பயஸ் 1925 டிசம்பரில்தான் அதை ஏற்படுத்தினார். முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் பெரிய முடியாட்சிகள் சரிந்து, அந்த இடத்தில் வெறிகொண்ட தேசியவாதம் தலைதூக்கிக்கொண்டிருந்த நேரம். ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம் சிதறிவிட்டது. ஹங்கேரியோ ராஜா இல்லாத ராஜ்ஜியமாக, ஒரு கடற்படைத் தளபதியைப் பிரதிநிதி ஆட்சியாளராக வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. மனித அரசர்களும் அரசுகளும் நிலையற்றவை, தலைவணங்க வேண்டிய அரசர் ஒருவரே என்று ரோமிலிருந்து சொல்லப்பட்ட செய்தி, ஐரோப்பிய அரசியலுக்கான பதில். அது அரபிக்கடல் ஓரத்தில் ஒரு மீன்பிடி கிராமத்தில் வேர்விட்டபோது அர்த்தம் மாறிவிட்டது. இங்கே அரசர் என்றால் மனு வாங்குபவர். கடன், நோய், கடலுக்குப் போனவன் திரும்புவது: இவைதான் தர்பாரில் சமர்ப்பிக்கப்படும் விஷயங்கள்.

ஹங்கேரியைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்டின் வடகிழக்கில் மாரியாபோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1696-ல் அங்கிருந்த மாதா படம் கண்ணீர் விட்டதாகச் செய்தி பரவியது. மறு வருடமே பேரரசரின் உத்தரவில் படம் வியன்னாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்றும் அங்குள்ள புனித ஸ்டீபன் பேராலயத்தில்தான் இருக்கிறது. ஊருக்கு மிஞ்சியது ஒரு நகல். அந்த நகலும் 1715-லும் 1905-லும் அழுததாகச் சொல்லப்பட, யாத்திரிகர்கள் அதையே தேடி வந்தார்கள். 1991-ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து நின்றதும் அந்த நகலின் முன்னால்தான். யாத்திரைத் தலம் என்பது பொருளில் இல்லை, ஊரில் இருக்கிறது என்பதற்கு மாரியாபோச் ஒரு சாட்சி. அப்படியானால் ஊரே கரைந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? வெட்டுக்காட்டின் கடற்கரையில் நிற்கும்போது தவிர்க்க முடியாமல் எழும் கேள்வி அது.

தேவாலயத்திலிருந்து கடலின் இரைச்சல் கேட்கிறது. மணலில் வரிசையாக வள்ளங்கள். சில இடங்களில் கரைமடி இழுக்கிறார்கள். கடலுக்குள் வளைத்து விடப்பட்ட வலையின் இரு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று ஐம்பது அறுபது கைகள் இழுக்கும் பழைய தொழில். இதற்கு மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். ஆனால் அகலமான மணல்வெளி வேண்டும். கருவாடு காயவைக்கவும் வள்ளம் ஏற்றிவைக்கவும் பிள்ளைகள் பந்து விளையாடவும் அதே மணல்வெளிதான். இந்தக் கரையில் மணல் என்பது காட்சி அல்ல, தொழிற்கூடம். அதுதான் குறைந்துகொண்டே வருகிறது.

மணல் போவதும் வருவதும் புதிதல்ல. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆவேசமான அலைகள் கரையை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். மழை ஓய்ந்து கடல் சாந்தமானதும் சிறிய அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். இது தவிர, கரையை ஒட்டியே மணல் நீளவாக்கில் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் பஞ்சம் வரும். பாதிக்கப்பட்ட இடத்தில் கருங்கல் கொட்டிக் கடல்சுவர் எழுப்பினால் அலையின் கோபம் சுவர் முடியும் இடத்துக்கு நகர்கிறது. கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்ற கதை.

விளைவுகளைப் பார்க்க வெட்டுக்காட்டிலிருந்து தெற்கே நடந்தால் போதும். சங்குமுகத்தில் காலாற நடக்க வரும் நகரவாசிகளுக்காக இருந்த பரந்த கடற்கரை பல இடங்களில் ஒரு நாடாவாகச் சுருங்கிவிட்டது. கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய பிரம்மாண்டமான கடற்கன்னி மட்டும் சலனமில்லாமல் படுத்திருக்கிறாள். விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குப் போகும் கடலோரச் சாலை 2021 மே மாதம் 'டவ்தே' புயலின்போது இடிந்து விழுந்தது. பூமிக்கு அடியில் கான்கிரீட் சுவர் இறக்கி மறு ஆண்டுதான் மீண்டும் திறந்தார்கள். இன்னும் தெற்கே வலியதுறையில், 1956-ல் கட்டி முடிக்கப்பட்ட 'கடல்பாலம்' என்ற பழைய இறங்குதுறை 2024-ல் இரண்டாகப் பிளந்தது. ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தின் துறைமுகம் அதுதான்.

பாலத்துக்கும் சாலைக்கும் செய்தித்தாளில் படம் வந்தது. வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. வலியதுறைப் பகுதியில் கடலுக்கு முதல் வரிசை வீடுகள் போயின, பிறகு இரண்டாம் வரிசை, பிறகு மூன்றாவது. வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் ஒரு பழைய சிமெண்ட் கிடங்கிலும் தங்கவைக்கப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சிலருக்குத் தற்காலிகம் வருடக்கணக்கில் நீண்டது. துணியைத் திரையாகக் கட்டிப் பிரித்த அறைகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. 2018-ல் முட்டத்தறையில் 192 குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. பின்னர் மேலும் குடியிருப்புகள் எழுந்தன. ஆனால் மாடி வீட்டில் வள்ளத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு எந்தப் பொறியாளரிடமும் பதில் இல்லை.

இதற்கெல்லாம் யார் காரணம்? கரையில் கேட்டால் கை தெற்கே நீளும். அங்கேதான் விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம். கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. ஆழக் கடலுக்குள் நீளும் அதன் அலைத்தடுப்புச் சுவர் வந்த பிறகுதான் வடக்கே அரிப்பு தீவிரமானது என்பது மீனவர்களின் வாதம். அரசும் துறைமுகத் தரப்பும் இதை மறுக்கின்றன; அதிகரித்துவிட்ட புயல்களையும் பருவநிலை மாற்றத்தையும், துறைமுகத்துக்கு முன்பே இந்தக் கரையில் அரிப்பு இருந்ததையும் சுட்டிக்காட்டுகின்றன. 2022 ஆகஸ்ட் 16-ம் தேதி திருவனந்தபுரம் லத்தீன் பேராயத்தின் தலைமையில் துறைமுக வாயிலில் போராட்டம் வெடித்தது. பாதிரியார்கள் முன்னால் நடந்தார்கள். வள்ளங்கள் கடல்வழியாகவும் முற்றுகையிட்டன. நவம்பர் இறுதியில் காவல் நிலையம் தாக்கப்படும் அளவுக்கு வன்முறை மூண்டது. டிசம்பர் 6-ல் பேச்சுவார்த்தைக்குப் பின் போராட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. வேலையை நிறுத்த வேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை நிறைவேறவில்லை. 2025 மே 2-ல் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இப்போது விழிஞ்ஞத்தில் சிந்து யாத்திரை மாதா ஆலயம் பார்த்திருக்கும் அதே கடலில், உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் ஒதுங்குகின்றன.

வளர்ச்சிக்கு எப்போதும் எதிராக நிற்பவர்கள் என்று இந்த மக்களை ஒதுக்கிவிடுவதும் சுலபமல்ல. வெட்டுக்காட்டுக்கு வடக்கே, வேளிக் காயலைத் தாண்டினால் தும்பா. காந்த நிலநடுக்கோடு அந்த ஊருக்கு அருகே செல்வதால் வளிமண்டல ஆராய்ச்சி ராக்கெட் ஏவ அதுவே தோதான இடம் என்று 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாயும் சகாக்களும் முடிவு செய்தார்கள். அங்கே புனித மரிய மதலேனாள் ஆலயமும் ஆயர் இல்லமும் மீனவர் வீடுகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடமே கேட்டார். ஞாயிறு பூசையில் அவர்கள் சம்மதித்ததை அப்துல் கலாம் பிற்பாடு எழுதியிருக்கிறார். மக்கள் பள்ளித்துறையில் புது வீடுகளுக்கும் புது ஆலயத்துக்கும் இடம் மாறினார்கள். காலியான ஆலயம் ராக்கெட் விஞ்ஞானிகளின் அலுவலகம் ஆயிற்று. 1963 நவம்பர் 21-ல் 'நைக்-அபாச்சி' என்ற அமெரிக்க ராக்கெட் தும்பா மணலிலிருந்து கிளம்பியது. இந்திய விண்வெளித் திட்டத்தின் பிறந்த நாள் அது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

கடவுளின் வீட்டையே தேசத்துக்கு எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 2022-ல் துறைமுக வாயிலில் உட்கார்ந்தார்கள். இடையில் என்ன மாறியது? தும்பாவில் அவர்களிடம் கேட்டார்கள். மாற்று வீடும் மாற்றுக் கோயிலும் தந்தார்கள். அதைவிட முக்கியமாக, பள்ளித்துறையும் கடல் ஓரத்திலேயே இருந்தது. வீடு மாறியதே தவிர, தொழில் மாறவில்லை.

2017-ல் கிறிஸ்துராஜர் திருநாள் நவம்பர் 26. நான்கே நாட்களில், நவம்பர் 30 அன்று 'ஒக்கி' புயல் இந்தக் கரையை ஒட்டிக் கடந்து சென்றது. எச்சரிக்கை வந்தபோது வள்ளங்கள் கடலில் இருந்தன. எச்சரிக்கை எப்போது, யாருக்குச் சொல்லப்பட்டது என்ற சண்டை மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே பின்னர் நடந்தது. கேரளத்தில் மட்டும் இறந்தவர்களும் திரும்பாதவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். கன்னியாகுமரிக் கரையிலும் அதே ஓலம். அடுத்த ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது, இதே கரையின் மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் பக்கம் போனார்கள். மாடிகளில் தவித்தவர்கள் ஆயிரக்கணக்கில் மீட்கப்பட்டார்கள். கேரளம் அவர்களைத் தன் சொந்த ராணுவம் என்று கொண்டாடியது.

திருநாளைப் பார்க்க விரும்புகிறவர்கள் நவம்பரில் வர வேண்டும். திருவருகைக் காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறுதான் கிறிஸ்துராஜர் திருநாள். அதற்கு ஒன்பது நாள் முன்னதாக, ஒரு வெள்ளிக்கிழமை கொடியேற்று. அன்று உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவது வழக்கம். திருச்சொரூபப் பவனிக்கு இங்கே 'பிரதட்சிணம்' என்றே பெயர். கேரளக் கத்தோலிக்கர்கள் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று நினைத்ததில்லை. பொரியும் பேரீச்சம்பழமும் வளையலும் பிளாஸ்டிக் விமானமும் விற்கும் கடைகளுக்கு மேலே நிஜ விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு இறங்குகின்றன. ரயிலில் வருபவர்களுக்குப் பக்கத்து நிலையம் கொச்சுவேளி. இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் கரையோரமாகவே தெற்கு நோக்கிப் போவது நல்லது. சில கிலோமீட்டருக்குள் மூன்று மதங்களின் யாத்திரை. சங்குமுகத்தில் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபர் கடலாட வருகிறார். விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கே இருப்பதால் அன்று சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைத்துச் சாமிக்கு வழி விடுகிறார்கள். ஓடுபாதையில் முன்னாள் அரச குடும்பத்தின் தலைவர் வாளோடு நடந்து வருவது வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி. வலியதுறையைத் தாண்டினால் இளஞ்சிவப்பு மினாரங்களோடு பீமாபள்ளி. பீமா பீவியும் மகன் மாஹீன் அபூபக்கரும் அடங்கிய தர்கா. சந்தனக்குடத் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் வருகிறார்கள். மலையாளத்தில் சர்ச்சும் மசூதியும் 'பள்ளி'தான். படிக்கிற இடத்துக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்திருக்கும் தமிழ்க் காதுக்கு முதலில் கொஞ்சம் குழப்பமாக இருக்கும்; பள்ளிவாசல் ஞாபகம் வந்தால் தெளிந்துவிடும்.

வழியெல்லாம் யாத்திரிகர்கள் கடலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கரைக்காரர்கள் கடலைப் பார்ப்பது வேறு விதம். போன வாரம் அலை எந்தக் கல்லைத் தொட்டது, இந்த வாரம் எதைத் தொடுகிறது என்று கண்ணாலேயே அளக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரிசையில் இந்த ஊர்ப் பெண்களும் நிற்கிறார்கள், மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு. அவர்களுடைய மனுவில் விசா இல்லை, பரீட்சை மார்க் இல்லை. அடுத்த ஜூனில் மழை பிடிக்கும்போது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வள்ளம் நிறுத்துமளவு மணல் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான்.